லோனாரின் கல்லும் காக்கப்பட வேண்டும்

மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டத்திலுள்ள லோனார் ஏரி, 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், உவர்நீரில் வாழும் நுண்ணுயிர்களால் இளஞ்சிவப்பு நிறம் கொண்டபோது தேசமே அதை வியந்து பார்த்தது. அதே ஆண்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலிலும் அது இடம்பெற்றது. நீருக்குக் கிடைத்த இந்தக் கௌரவம் மிகவும் நியாயமானதே. ஆனால் அந்த நீரைத் தாங்கி நிற்கும் பாறைக்கும், பள்ளத்தின் விளிம்புக்கு அப்பால் வயல்களில் சிதறிக் கிடக்கும் கற்களுக்கும் அந்தக் கௌரவத்தில் ஒரு சிறு பங்கும் கிட்டவில்லை. சந்திரனுக்கும் செவ்வாய்க்கும் கலங்களை அனுப்பிய ஒரு தேசத்துக்கு இந்த அலட்சியம் சற்றும் பொருந்தாது.

சந்திரனில் கருமையாகத் தெரியும் சமவெளிகளும், செவ்வாயின் பரந்த பிரதேசங்கள் பலவும், ஆதிகாலத்தில் எரிமலைக் குழம்பு பாய்ந்து உறைந்த பசால்ட் பாறையால் ஆனவை. அந்தப் பாறை எவ்வளவு தடிமனுடையது, அதன் அடியில் இருப்பது யாது என்று அறிய, நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு அங்கே துளையிடும் சாதனம் இன்று எவரிடமும் இல்லை. கிணறு வெட்டியவர்கள் கரையில் கொட்டிய மண்ணைப் பார்த்தே அடிநிலத்தின் தன்மையைச் சொல்லிவிடுவதுபோல, விண்கல் மோதி உண்டான பள்ளத்தைச் சுற்றி எறியப்பட்ட கற்களைக் கொண்டே விஞ்ஞானிகள் அந்த ஆழங்களை அறிகிறார்கள். பள்ளத்தின் அகலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஆழம் வரையிலுள்ள பாறை வெளியே வீசப்படுகிறது; ஆகையால், சிறு பள்ளங்கள் கருநிறப் பசால்ட்டை மட்டுமே வீசியிருக்க, பெரும் பள்ளங்கள் அடியிலுள்ள வெளிர்நிறப் பாறையையும் சேர்த்து வீசியிருக்குமானால், எரிமலைப் படலம் எந்த ஆழத்தில் முடிகிறது என்பது புலப்பட்டுவிடும்.

எனினும், இவ்வாறு சாட்சி சொல்லும் கல், மோதலின் அதிர்ச்சியால் தானே உருமாறிய கல். பூமியில் அத்தகைய கல்லைக் கையிலெடுத்துப் பரிசீலித்தவர்களே அதன் சாட்சியத்தைப் பிழையின்றிப் பொருள்கொள்ள இயலும். பூமியில் இதுவரை அறியப்பட்டுள்ள ஏறத்தாழ 200 மோதல் பள்ளங்களுள் பசால்ட் பாறையில் அமைந்தவை மிகச் சிலவே. அச்சிலவற்றுள்ளும் பெரிதும் உருக்குலையாமல் நிற்பது, சுமார் 1.8 கிலோமீட்டர் அகலமுள்ள லோனார். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பாய்ந்த குழம்பின் அடுக்குகளை அதன் உட்சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாகக் காணலாம். ஒரு காலத்தில் கிடையாகக் கிடந்த அவை, மோதலின் வேகத்தில் மேலெழும்பி, ஏரிக்கு வெளிப்புறமாகச் சாய்ந்து, விளிம்பில் சில இடங்களில் மடிந்து தலைகீழாகவே கவிழ்ந்திருக்கின்றன.

இதை எரிமலையின் வாய் என்றே பலரும் நெடுங்காலம் கருதிவந்தனர். ஏரிப்படுகையில் துளையிட்டு எடுத்த பாறையில், ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் உருகி ஓடாமலே அதிர்ச்சியினால் கண்ணாடித் தன்மை எய்தியிருப்பதை இந்திய, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டு 1973-இல் வெளியிட்ட பிறகே சந்தேகம் தீர்ந்தது. மாஸ்கெலினைட் எனப்படும் அந்தக் கண்ணாடி முதன்முதலாக இனங்காணப்பட்டதும் நம் நாட்டில், 1865-இல் பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்த விண்கல்லில்தான். அந்த விண்கல்லோ, ஏதோ ஒரு மோதலால் பெயர்த்தெறியப்பட்டு நம்மிடம் வந்து சேர்ந்த செவ்வாயின் எரிமலைப் பாறை! அந்தக் கல் ஏற்ற அதிர்ச்சியின் வடுவையே லோனாரின் கல்லும் தாங்கியிருக்கிறது.

இத்தனை ஆராய்ச்சிக்குப் பின்னும் அந்தப் பள்ளத்தின் வயதில் ஏகோபித்த முடிவில்லை. ஒரு முறை ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் என்கிறது, மற்றொரு முறை 5.7 லட்சம் ஆண்டுகள் என்கிறது. இந்த வழக்கைத் தீர்க்கும் சாட்சியங்களுள் முக்கியமானவை விளிம்புக்கு வெளியே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பரந்து கிடக்கின்றன. ஊரும் உழுநிலமும் சாலையும் அமைந்திருப்பதும் அங்கேதான். கற்கள் விழுந்த வரிசை ஒருமுறை குலைந்துவிட்டால், எந்தக் கல் எந்த ஆழத்திலிருந்து வந்தது என்ற கணக்கை எக்காலத்திலும் மீட்க முடியாது. உழுகிறவர்களைக் குறைகூறுவது நியாயமன்று. கல்லின் அருமையை அவர்களுக்கு எடுத்துச் சொல்லாத நம்முடையதே குற்றம்.

சந்திரயான் கலங்களைச் சோதிப்பதற்கான செயற்கைச் சந்திர மண்ணுக்கு நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறை பயன்பட்டதை அறிந்து நாம் பெருமிதம் கொண்டோம். சந்திரனின் மேட்டுநிலத்துக்குச் சித்தம்பூண்டி எப்படியோ, அதன் கருநிறச் சமவெளிகளுக்கு லோனார் அப்படி. ஆகவே, இங்கே பாதுகாப்பு ஏரியோடும் விளிம்போடும் நின்றுவிடலாகாது. வெளியே வீசப்பட்ட கற்படலம் முழுவதும் அளந்து வரைபடமாக்கப்பட வேண்டும். கலையாமல் எஞ்சியுள்ள பகுதிகளை, நிலமுடையவர்களுக்கு உரிய ஈடு கொடுத்து, அரசு காப்பிலே கொணர வேண்டும். கட்டடத்துக்காக அங்கே மண் தோண்டுமுன் புவியியலாளர் பார்வையிட வேண்டும் என்ற விதி வேண்டும். ஒரு விண்கலத்துக்கு ஆகும் பொருளோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு அற்பமே. அந்தக் கலம் அனுப்பும் படங்களைச் சரியாகப் படிக்கும் அறிவை நமக்குத் தரவல்லது இந்த மண்ணே என்பதால், இது விண்வெளி ஆராய்ச்சிக்கே செய்யும் செலவாகும்.