அடுப்படியில் ஒரு புதிர்

வீடியோ விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டவுடனேயே நம் பெற்றோரின் முகம் வாடிவிடுகிறது. கண் கெடும், காலம் வீணாகும், படிப்பு பாழாகும் என்று அவர்கள் கூறுவதில் உண்மை இல்லாமல் இல்லை. சுடுவதும் வெட்டுவதுமே வேலையாகக் கொண்ட விளையாட்டுகள் மலிந்துள்ள காலம் இது. ஆயினும், பதர்க் குவியலுக்குள்ளும் சில நெல்மணிகள் கிடக்கத்தானே செய்கின்றன? அத்தகைய நெல்மணி ஒன்றைப் பற்றியும், அது மாணவியராகிய நமக்குக் கற்றுத்தரும் பாடத்தைப் பற்றியும் என் எளிய கருத்தைக் கூற விழைகிறேன்.

கனடா நாட்டின் டொரான்டோ நகரில் உள்ள ‘விசை கேம்ஸ்’ என்னும் சிறு நிறுவனம் 2023-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ‘வெண்பா’ என்ற விளையாட்டை வெளியிட்டது. 2024-இல் இங்கிலாந்தின் பாஃப்டா அமைப்பு, சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை இதற்கு வழங்கியது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின் ஆகிய மூவரின் கதை இது. இதில் வாளும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. இட்லிப் பானையும் புட்டுக் குழலுமே ஆயுதங்கள்! ஏறத்தாழ ஒரு திரைப்படம் பார்க்கும் நேரத்திற்குள் முடிந்துவிடுவதால், பொழுதெல்லாம் விழுங்கிவிடும் என்ற அச்சமும் இல்லை.

வெண்பாவிடம் அவளுடைய தாயார் எழுதிய சமையற் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. நாடு விட்டு நாடு வந்ததில் அது சிதைந்துவிட்டது. சில வரிகள் அழிந்துள்ளன; சில இடங்களில் கறை படிந்துள்ளது. எஞ்சியதைக் கொண்டு விடுபட்டதைக் கண்டுபிடிப்பதே நமக்கு இடப்படும் புதிர்.

முதற் புதிர் இட்லி. தட்டுகளில் மாவை ஊற்றிவிடலாம். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக எவ்வாறு அடுக்குவது? இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. கீழ்த்தட்டின் குழிக்கு நேர் மேலே மேல்தட்டின் குழி அமர்ந்தால் மாவு உப்புவதற்கு இடம் ஏது? இட்லி நசுங்கும், மேல்தட்டின் அடியில் ஒட்டிக்கொள்ளும். தட்டைச் சற்றே திருப்பி, குழியும் இடைவெளியும் மாறி மாறி வருமாறு வைத்தால், இட்லி எழும்ப இடமும் கிடைக்கும், ஆவி செல்ல வழியும் கிடைக்கும். நம் அன்னையர் நாள்தோறும் காலையில் தூக்கக் கலக்கத்திலும் தவறாமல் செய்வது இதைத்தான். ஆனால் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று நம்முள் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

புட்டும் அவ்வாறே. குழலின் அடியில் துளையிட்ட சில்லை முதலில் இடவேண்டும். அதை மறந்தால் மாவு முழுவதும் குடத்து நீரில் கொட்டிவிடும். மாவையும் தேங்காய்த் துருவலையும் மாற்றி மாற்றி இடும்போது அமுக்கித் திணித்தால் ஆவி மேலே ஏறாது. ஆவி எவ்வழியே செல்கிறது என்று புரிந்துகொண்டவளுக்கு வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. வரிசை தானாகவே வந்துவிடும்.

இதுவே நான் வலியுறுத்த விரும்பும் கருத்து. சமையற் குறிப்பு ‘எதைச் செய்’ என்று சொல்கிறது. புதிரோ ‘ஏன் செய்கிறாய்’ என்று கேட்கிறது. பொதுத்தேர்வை எதிர்நோக்கியிருக்கும் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாம் பெரும்பாலும் குறிப்பை மட்டுமே படிக்கிறோம். உரைநூலில் உள்ள விடையை ஒரு வரி பிசகாமல் ஒப்பிக்கிறோம். வினாவைச் சற்றே மாற்றிக் கேட்டுவிட்டாலோ, வரி அழிந்த ஏட்டின் முன் நிற்பவர் போலத் திகைத்து நிற்கிறோம். இந்தப் புதிரின் விடையையும் தோழியிடம் கேட்டு இரண்டே நிமிடங்களில் முடித்துவிடலாம். ஆனால் அப்படி முடித்தவளுக்குக் கிடைத்தது என்ன? ஆட்டம் முடிந்தது, அறிவு வளர்ந்ததா?

மற்றொன்றையும் கூறவேண்டும். இவ்விளையாட்டில் இட்லி சரியாக வராவிட்டால் எவரும் ஏசுவதில்லை, மதிப்பெண்ணும் குறைவதில்லை. மீண்டும் முயலலாம். பிழை நேருமோ என்ற அச்சம் இல்லாத இடத்தில்தான் சிந்தனை துணிந்து நடைபோடுகிறது. வகுப்பறையிலும் வீட்டிலும் எங்களுக்கு இத்தகைய வாய்ப்பு இன்னும் சற்றுக் கூடுதலாகக் கிடைக்குமானால் நாங்கள் நன்றியுடையவர்களாக இருப்போம் என்பதைப் பெரியோர்களிடம் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

“திரையிலே இட்லி அவித்தால் பசி ஆறுமா?” என்று சிலர் நகைக்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்; திரைச் சுரைக்காயும் அப்படியே. புட்டு மாவில் எவ்வளவு நீர் தெளிப்பது? பிடித்தால் பிடியாக நிற்கவேண்டும், உதிர்த்தால் உதிரவேண்டும் என்பாள் பாட்டி. அந்தப் பதத்தைக் கைதான் அறியும். எந்தத் திரையும் அதைக் கற்பிக்க இயலாது. ஆகவே, விளையாட்டைச் சமையலறைக்கு மாற்று என்று நான் கூறவில்லை. சமையலறைக்குள் கேள்வியோடு நுழைய அது நமக்கு வழிகாட்டுகிறது என்றே கூறுகிறேன்.

‘வெண்பா’ என்ற பெயரும் எவ்வளவு பொருத்தமானது! ஈற்றடி முச்சீராகவும் ஏனைய அடிகள் நாற்சீராகவும் வரவேண்டும். தளை தட்டினால் வெண்பா கெட்டுவிடும் என்று இலக்கண வகுப்பில் படிக்கிறோம். சமையலுக்கும் அத்தகைய யாப்பு உண்டு. ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் அமர்ந்தால்தான் சுவை பிறக்கும். ஆயினும், வெண்பாவின் இலக்கணத்தை நூலாக எழுதிவைத்த நாம், நம் பாட்டிமாரின் கைப்பக்குவத்தை எழுதிவைத்தோமா?

கதையில் என் நெஞ்சைத் தொட்ட பகுதியும் இதுவே. அயல்நாட்டில் வளரும் கவின் சிறு வயதில் தாயின் மொழியையும் உணவையும் விட்டு விலகுகிறான். வளர்ந்து ஆளான பின், தானே சமைக்க எண்ணி அந்தக் குறிப்பேட்டைத் திறக்கும்போது தமிழ் எழுத்துக்களைப் படிக்க இயலாமல் தடுமாறுகிறான். தாய்க்கு, அழிந்த வரிகளே புதிராக இருந்தன; மகனுக்கோ அழியாத வரிகளும் புதிராகிவிட்டன! ஒரே தலைமுறைக்குள் நேர்ந்துவிட்ட இந்த இழப்பு கனடாவில் மட்டும்தானா நிகழும்? தாயகத்திலேயே இருந்துகொண்டு, பாட்டியின் குழம்பு எப்படி வைக்கப்படுகிறது என்று அறியாதவர்கள் நம்மிடையே இல்லையா?

அக்குறிப்பேட்டைத் திறந்து சமைக்க முற்படுபவன் மகன் என்பதையும் கவனிக்கவேண்டும். சமையல் பெண்களுக்கே உரியது என்று யார் எழுதிவைத்தார்கள்? பசி இருவருக்கும் பொது. அடுப்பும் இருவருக்கும் பொதுவாகட்டும். எங்கள் சகோதரர்களையும் அடுப்படிக்கு அழைக்குமாறு பெற்றோரை அன்புடன் வேண்டுகிறேன்.

அன்புத் தோழியரே! இந்தக் கோடை விடுமுறையில் நாம் ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குவோம். பாட்டியோ அம்மாவோ சமைக்கும்போது அருகில் நிற்போம். அளவை மட்டும் குறித்துக்கொள்ளாமல், ஒவ்வொரு படிக்கும் ஏன் என்று கேட்டு அதையும் எழுதுவோம். கண்ணளவு, கையளவு என்று அவர்கள் சொன்னால், அந்தக் கையில் எவ்வளவு பிடித்தது என்று ஆழாக்கில் அளந்து பார்ப்போம். கேட்பதற்கு நாம் இருக்கிறோம்; சொல்வதற்கு அவர்களும் இருக்கிறார்கள். இருவரும் இருக்கும்போதே இதைச் செய்துவிடுவோம்.