இந்த மாடல் எல்லாமே இப்படித்தான்

இருபத்து நாலாயிரம் டாலர் கொடுத்து வாங்கிய மோட்டார் சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகிறது என்று டீலரிடம் போய்ச் சொன்னால், சர்வீஸ் கவுண்டரில் கிடைக்கும் பதில் எங்கும் ஒன்றுதான்: "இந்த மாடல் எல்லாமே இப்படித்தான்." இந்த வாக்கியத்தை யாரும் காதுகொடுத்துக் கேட்பதில்லை. இது ஆறுதல் அல்ல, ஒப்புதல் வாக்குமூலம். ஒரு வண்டியில் வந்தால் அது அந்த வண்டியின் கோளாறு. எல்லா வண்டியிலும் வந்தால் அது வரைபடத்திலோ தொழிற்சாலையிலோ இருக்கும் கோளாறு. நீதிமன்றத்தில் நிரூபிக்க நிபுணர்களுக்குக் காசு கொட்ட வேண்டிய ஒன்றை, கவுண்டரில் நிற்கிறவர் இலவசமாகச் சொல்லிவிடுகிறார். நம்மவர்களோ தலையாட்டிவிட்டு, "அப்பாடா, நம்ம வண்டி மட்டும் இல்லை" என்று நிம்மதியாக வீடு திரும்புகிறார்கள்.

நான் இருக்கும் மத்திய மேற்கு நகரத்தில் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலை வாங்கிய தமிழர்கள் இருபது பேருக்கு மேல் இருக்கிறோம். முக்கால்வாசிப் பேர் கணினித் துறை. சிக்னலை நெருங்கி வேகம் குறைத்தால் இன்ஜின் நின்றுவிடுகிறது. சிலருக்கு மீட்டர் திரையும் கூடவே இருண்டுவிடுகிறது. மூன்று முறை, நான்கு முறை டீலரிடம் விட்டு எடுத்தாயிற்று. மென்பொருளை மாற்றினோம் என்கிறார்கள், பேட்டரி இணைப்பை இறுக்கினோம் என்கிறார்கள், "ஓட்டிப் பார்த்தபோது கோளாறு தென்படவில்லை" என்று ரசீதில் எழுதித் தருகிறார்கள். எட்டு மாதமாக, ஞாயிற்றுக்கிழமை சவாரி முடிந்து காபிக் கடையில் உட்கார்ந்தால் ஒரே பேச்சுதான். வழக்குப் போடலாமா, வேண்டாமா? நிறுவனத்தின் பெயர் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. அவர்களோடு உள்ள கணக்கு வேறு இடத்தில் தீரும். வேண்டாம் என்பதற்கு நம்மவர்கள் சொல்லும் காரணங்களோடுதான் இங்கே என் சண்டை.

எளிய காரணத்தை முதலில் முடித்துவிடுகிறேன். "வசதி உள்ளவன் வாங்கிய விளையாட்டுச் சாமான், இதற்கெல்லாம் கோர்ட்டா?" எங்களில் பாதிப் பேர் ஐந்து வருடக் கடனில் வாங்கியவர்கள். அது கிடக்கட்டும். நடுச்சாலையில் இன்ஜின் நின்றால், பின்னால் வரும் லாரி நம் வண்டியின் விலையைக் கேட்டுவிட்டு பிரேக் போடாது.

அடுத்தது பாசம். இங்கே மோட்டார் சைக்கிள் நிறுவனங்கள் விற்பது வண்டியை மட்டுமல்ல, ஒரு குடும்பத்தையும் சேர்த்துத்தான். ஹார்லி டேவிட்சன் உரிமையாளர் சங்கத்தை 1983இல் தொடங்கியது உரிமையாளர்கள் அல்ல, நிறுவனமே. அதில் தவறில்லை, அப்படிப்பட்ட சங்கங்களால் நல்ல சாலைகளும் நல்ல நண்பர்களும் பலருக்குக் கிடைத்திருக்கிறார்கள். ஆனால் குடும்பத்துக்குள் கோளாறு என்று பேச்சு வரும்போது, அந்தக் குடும்பத்துக்கு யார் பெயர் வைத்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஹார்லியைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் வழக்கு வேண்டாம் என்பவர்கள் அடிக்கடி எடுத்து நீட்டும் ஆயுதம் அந்த நிறுவனத்தின் மேல் நடந்த ஒரு வழக்குதான். 1999ஆம் ஆண்டு மாடல்களில் ட்வின் கேம் 88 என்ற புதிய இன்ஜின் வந்தது. அதன் பின்பக்கக் கேம் பேரிங் சில வண்டிகளில் உடைந்தது. 2001 ஜனவரியில் நிறுவனம் உரிமையாளர்களுக்குக் கடிதம் அனுப்பியது. சொற்ப எண்ணிக்கையிலான இன்ஜின்களில்தான் இது நடந்திருக்கிறது, உங்களுக்கு நேர வாய்ப்பில்லை, ஆனாலும் வாரண்டியை 5 ஆண்டு அல்லது 50,000 மைல் வரை நீட்டிக்கிறோம் என்பது அதன் சாரம். இதைத் தவிர, பேரிங் மாற்றும் வேலையை விரைவாக முடிக்க 495 டாலர் விலையில் ஓர் உதிரிபாகத் தொகுப்பையும் டீலர்களுக்குக் கிடைக்கச் செய்தது. சொற்ப எண்ணிக்கைதானே, அதற்கு எதற்குத் தனித் தொகுப்பு என்று கேட்கத் தோன்றும். சிலர் கேட்டார்கள். அந்த ஜூனில், நிறுவனத்தின் சொந்த ஊரான மில்வாக்கியிலேயே, ஏறத்தாழ 140,000 வண்டிகளின் உரிமையாளர்கள் சார்பில் குழு வழக்குத் தொடுத்தார்கள்.

தோற்றார்கள். 2004இல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய மோசடிக் கோரிக்கைகளைத் தள்ளுபடி செய்தது. உங்கள் வண்டிகளில் பேரிங் இன்னும் உடையவில்லை. உடையக்கூடும், அதனால் மறுவிற்பனை விலை குறையும் என்பது சட்டம் ஏற்கும் இழப்பு ஆகாது. தலைசிறந்த இன்ஜின் என்ற வகை விளம்பரப் பேச்சு வியாபாரிகளின் வழக்கமான பெருமையடிப்பு, அதை நம்பி ஏமாந்தேன் என்று வழக்காட முடியாது. வாங்கிய பொருள் தரமில்லை என்றால் ஒப்பந்தம், வாரண்டி என்ற வழியில் வாருங்கள், மோசடி என்ற வழியில் வராதீர்கள். நீதிமன்றம் சொன்னது இவ்வளவுதான். மனுவைத் திருத்தி மறுபடி வர முயன்றார்கள். 2007இல் அதுவும் முடியாது என்றாகிவிட்டது.

"பார்த்தீர்களா, அமெரிக்கர்களாலேயே முடியவில்லை" என்கிறார்கள் நம் நண்பர்கள். தீர்ப்பை அவர்கள் படித்திருந்தால் நேர் எதிராகப் பேசியிருப்பார்கள். பேரிங்கில் கோளாறு இல்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கே போகவில்லை. எந்தக் கதவைத் தட்ட வேண்டும், கையில் எதை வைத்துக்கொண்டு தட்ட வேண்டும் என்றுதான் சொன்னது. அச்சத்தை வைத்து வழக்குப் போடாதே, உடைந்த பிறகு வாரண்டியை வைத்துப் போடு. எங்கள் இருபது பேரில் பதினேழு பேருடைய வண்டி நின்றிருக்கிறது. நின்ற தேதியோடு, மைல் கணக்கோடு ரசீது இருக்கிறது. அந்த வழக்கில் இல்லாதது எதுவோ அது எங்களிடம் இருக்கிறது. இதைச் சொன்னால் "சட்டம் பேசாதீர்கள்" என்கிறார்கள். வழக்கைப் பற்றிப் பேசும்போது வேறு எதைப் பேசுவது?

வழக்குக்கும் முன்னால் செய்யக்கூடிய ஒன்று உண்டு. 2016 ஜூலையில் அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், பிரேக் செயலிழப்பு தொடர்பாக 2008 முதல் 2011 வரையிலான ஹார்லி வண்டிகளில் ஏறத்தாழ 430,000 வண்டிகள் மேல் விசாரணை தொடங்கியது. அதற்கு முன் வந்திருந்த புகார்கள் எத்தனை தெரியுமா? 43. பத்தாயிரம் வண்டிக்கு ஒருவர் எழுதியிருக்கிறார். பழைய பிரேக் ஆயிலில் படியும் கசடு ஏபிஎஸ் வால்வுகளை அடைக்கிறது. ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருந்தோம், மாற்றாதவர்களுக்குத்தான் சிக்கல் என்று நிறுவனத்துக்குப் பதில் சொல்ல வழி இருந்தது. அப்படி இருந்தும் 2018 பிப்ரவரியில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 175,000 வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. அந்த 43 பேரில் யாரும் வக்கீல் வைக்க வேண்டியிருக்கவில்லை. புகார் எழுதப் பத்து நிமிடம் போதும், செலவு கிடையாது.

எங்களில் எழுதியவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் எல்லாரும் பிழைகளைப் பதிந்தே பிழைக்கும் தொழிலில் இருப்பவர்கள்! பதியாத பிழை இல்லாத பிழை என்பது அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குக்கூட நாங்கள் சொல்லிக்கொடுக்கும் பாடம். "மறுபடி வரவழைக்க முடியவில்லை" என்று எழுதி ஒரு புகாரை மூடினால் அதன் பொருள் என்னவென்றும் எங்களுக்குத் தெரியும். அதே வரி சர்வீஸ் ரசீதில் வந்தால் மட்டும் வேத வாக்கு.

"குழு வழக்கில் வக்கீல்தான் பணக்காரன் ஆவான், நமக்கு ஒரு கூப்பன் வரும்." இதில் பாதி உண்மை. கூப்பன் சமரசங்கள் அந்த அளவுக்கு நாறியதால்தான் 2005இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு, வக்கீல் கட்டணத்தை மக்கள் உண்மையில் பயன்படுத்திய கூப்பன்களின் மதிப்போடு பிணைத்தது. ஆனால் குழு வழக்கு ஒன்றுதான் வழி என்று யார் சொன்னார்கள்? 1975ஆம் ஆண்டின் மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டப்படி தனியாக வழக்குப் போட்டு வென்றவருக்கு, வக்கீல் கட்டணத்தையும் எதிர்த்தரப்பே தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். அதே சட்டத்தின் கீழ் மத்திய நீதிமன்றத்தில் குழு வழக்கு என்றால் பெயர் சொல்லி 100 வாதிகள் வேண்டும். எங்கள் இருபதை வைத்து அது ஆகாது. பழுது தீராத புது வண்டிக்கான லெமன் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விஸ்கான்சினில் மோட்டார் சைக்கிளும் அதற்குள் வரும். கலிஃபோர்னியாவில் 18 மாதம், 18,000 மைலுக்குள் இத்தனை முறை பழுது பார்த்தும் தீராவிட்டால் வாங்குபவர் பக்கம் ஊகம் என்ற சலுகை கார்களுக்கு உண்டு, மோட்டார் சைக்கிளுக்கு இல்லை. பொது நுகர்பொருள் என்ற கணக்கில்தான் அது வரும். எட்டு மாதம் பேசியவர்களில் எத்தனை பேர் தம் மாநிலச் சட்டத்தைத் திறந்து பார்த்தார்கள்? வெளியே ஆயில் மாற்றினால் வாரண்டி போய்விடும் என்று இன்னும் நம்புகிறவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அந்த மிரட்டலுக்காகவே மத்திய வர்த்தக ஆணையம் 2022இல் ஹார்லி மேல் நடவடிக்கை எடுத்து, வாரண்டி வாசகத்தையே மாற்ற வைத்தது.

விசாவுக்குப் பங்கம் வரும் என்ற பயத்துக்கு ஒரு வரி போதும். நுகர்வோர் வழக்குத் தொடுப்பது குற்றம் அல்ல.

பேசிக்கொண்டே இருப்பதில் இன்னொரு நட்டம் உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் வாரண்டி மீறலுக்கு வழக்குப் போடும் கெடு பொதுவாக 4 ஆண்டு. அது கோளாறு தெரிந்த நாளிலிருந்து அல்ல, வண்டியை டெலிவரி எடுத்த நாளிலிருந்து ஓடுகிறது. லெமன் சட்டக் கெடு அதைவிடச் சின்னது. "அடுத்த அப்டேட் வரட்டும், பார்ப்போம்" என்று டீலர் சொல்லும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் அவர் பக்கம் ஓடுகிறது.

"எங்க வீட்டில் யாரும் கோர்ட்டுப் படி ஏறினதில்லை" என்று பெருமையாகச் சொல்கிறார் ஒருவர். ஊர்ப் பழக்கமாம். எந்த ஊர்? 1986இலேயே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்து, மாவட்ட மன்றத்தில் வக்கீல் இல்லாமல் தானே நின்று வாதாடலாம் என்ற உரிமை பெற்ற ஊர் அது. ஒரே குறை உள்ள பலருக்காகச் சிலர் அனுமதி பெற்று வழக்குப் போடும் வழியும் அந்தச் சட்டத்தில் இருந்தது. 2019 சட்டத்தின் 35ஆம் பிரிவிலும் இருக்கிறது. ஊரில் இருப்பவர்கள் படி ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஏறாதது நாம்தான், பழியை மட்டும் ஊர்மேல் போடுகிறோம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ராயல் என்ஃபீல்டின் மேல் ஒரு தனிப் பிரியம். சென்னையில் செய்தது என்று டாங்கைத் தடவிக் காட்டுவார்கள். எனக்கும் அந்தப் பிரியம் உண்டு. 2021 மே மாதம் அந்த நிறுவனம் இக்னிஷன் காயில் கோளாறுக்காக 236,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சென்னையின் மானம் ஒன்றும் கப்பலேறவில்லை.

இத்தனையும் வெளியே சொல்லும் காரணங்கள். உள்ளே இருக்கும் காரணத்தைப் போன மாதம் ஒருவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். எங்களில் மூத்தவர், எல்லாருக்கும் அண்ணன். "அடக்கி வாசிங்க தம்பி. விஷயம் வெளியே போச்சுன்னா நம்ம வண்டிக்கு விலை இருக்காது. நான் வசந்தத்துல வித்துரலாம்னு இருக்கேன்." வாங்குவதற்கு ஆளும் பார்த்து வைத்திருக்கிறார். படிப்பு முடித்து முதல் வேலையில் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பையன், முதல் வண்டி. "நம்ம பையன்தான், விலையில கொஞ்சம் குறைச்சுக் கொடுக்கலாம்" என்றார்.

டீலரிடம் வாங்குகிறவருக்குச் சட்டம் தானாகவே தரும் தர உத்தரவாதம் ஒன்று உண்டு. தனி ஆளிடம் வாங்குகிறவருக்கு அது பெரும்பாலும் கிடையாது. உள்ளது உள்ளபடி என்று எழுதி வாங்கிவிட்டால், அடுத்த வாரம் சிக்னலில் வண்டி நிற்கும்போது அந்தப் பையன் போய்க் கேட்க ஓர் இடம் இல்லை. நிறுவனம் கோளாறு தெரிந்தே விற்றது என்பதுதான் எட்டு மாதமாக எங்கள் எல்லாருடைய குற்றச்சாட்டு. அண்ணன் செய்ய நினைப்பதும் அதே வேலை, ஒரே ஒரு வண்டியில். நிறுவனத்துக்காவது 'எங்கள் சோதனையில் தெரியவில்லை' என்று சொல்ல வாய்ப்பிருக்கிறது. அவர் வண்டி அவர் காலுக்கு நடுவில் நான்கு முறை நின்றிருக்கிறது.

அவர் விற்கட்டும். கடன் இருக்கிறது, கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கிறாள், எனக்குத் தெரியும். அந்த நான்கு ரசீதையும் வண்டிப் பத்திரத்தோடு சேர்த்துக் கொடுத்து விற்கட்டும். பையன் படித்துப் பார்த்துவிட்டு விலை சொல்வான்.