பெரணியின் நுனி ஏன் கருகுகிறது?

மலைச் சாரலில், நிழலில், ஓடைக் கரையில் வளர்வது பெரணி. நர்சரிக்காரர்கள் "பெர்ன்" என்பார்கள். அதில் பூ இல்லை, காய் இல்லை. இலைதான் அழகு. அந்த அழகுக்காகவே வீட்டுக் கூடத்திலும் அதை வளர்க்கிறார்கள்.

திருத்தணியும் மலைத் தலந்தான். ஆனால், 365 படி ஏறினாலும் அங்கே நீலகிரியின் குளிர் கிடைக்காது. கத்திரி வெயிலில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும். வெயில் கொளுத்தும் ஊர்களின் பட்டியலில் வேலூரோடு திருத்தணியின் பெயரும் அடிக்கடி வரும். அந்த ஊர்க் கூடத்தில் பெரணி வைத்தால், இலை நுனி பழுப்பாகிக் கருகுவதில் வியப்பு என்ன?

உடனே வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? "தண்ணீர் போதவில்லை" என்று இன்னும் ஒரு செம்பு ஊற்றுகிறார். ஒரு பிடி உரமும் போடுகிறார். வேர் அழுகிச் செடி சாகிறது. பழி நர்சரிக்காரர் மீது!

குறை பெரும்பாலும் காற்றில் இருக்கிறது. வறண்ட காற்றில், வேர் அனுப்பும் ஈரத்தைவிட இலை இழக்கும் ஈரம் அதிகம். நுனிதான் முதலில் காயும். மின்விசிறிக்குக் கீழே வைத்தாலும், ஏ.சி. காற்று படும்படி வைத்தாலும் இதே கதிதான்.

லண்டனில் நதானியல் வார்டு என்று ஒரு டாக்டர் இருந்தார். அவர் தோட்டத்துப் பெரணிகள் ஊர்ப் புகையில் மடிந்தன. 1829-ஆம் ஆண்டில், ஓர் அந்துப்பூச்சியின் கூட்டை ஈர மண்ணோடு கண்ணாடிப் புட்டியில் மூடி வைத்தார். அந்த மண்ணில் பெரணி முளைத்தது! புட்டிக்குள் ஈரம் வெளியேறவில்லை, செடி தழைத்தது. பெரணி கேட்பது ஈரக் காற்று என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இரண்டாவது குற்றவாளி உப்பு. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால், நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். அதுவும் நுனியைக் கருக்கும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவது அதன் அடையாளம். உரம் மிஞ்சினாலும் இதே தொல்லைதான்.

பரிகாரம் எளிது. வெயில் நேராகப் படாத, வெளிச்சமான இடத்தில் வைக்க வேண்டும். கூழாங்கல் பரப்பிய தட்டில் நீர் ஊற்றி, நீர் தொடாதபடி அதன்மேல் தொட்டியை வைக்கலாம். மேல்மண் காயத் தொடங்கும்போது நீர் விட்டால் போதும். கருகிய நுனி மீண்டும் பச்சையாகாது, கத்தரித்து விடலாம். இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளி இருந்தால் பயம் வேண்டாம். அது நோயல்ல, பெரணியின் வித்துத்தூள்.

எல்லாவற்றிலும் சிறந்தது மழைநீர். அதில் உப்பு இல்லை. மழைநீர் சேகரிப்பை 2003-ஆம் ஆண்டில் தமிழக அரசு எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயமாக்கியது. குழாய் போட்ட வீடுகள் பல. அதைப் பராமரிக்கும் வீடுகள் எத்தனை?

ஐப்பசி மழை கூரையில் விழுந்து தெருவில் ஓடுகிறது. வீட்டுக்குள் உப்பு நீரில் செடி கருகுகிறது. நுனியைக் கத்தரிக்கும் கை, கூரைக் குழாயின் அடைப்பையும் நீக்கட்டும். செடியும் பிழைக்கும், கிணறும் ஊறும்.