கோதுமையை விலக்குமுன் ஒரு பரிசோதனை

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில், ஆலையிலும் சந்தையிலும் கட்டட வேலையிலும் நின்றே உழைத்து முதுமை எய்திய தமிழ் மக்கள் நெருங்கி வாழும் சந்துகளில், இரவில் படுத்த பிறகு உள்ளங்கால் நெருப்பாய் எரிகிறது என்றும், பாதம் மதமதத்துப் போய்ச் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியவில்லை என்றும், விரல் நுனிகளில் ஓயாமல் குத்துகிறது என்றும் முறையிடும் குரல் புதிதன்று. வலி மாத்திரையும் தைலமும் கைவிட்ட அவர்களுக்குச் சமீப காலமாக அக்கம்பக்கத்தாரிடமிருந்தும் கைப்பேசியிலிருந்தும் ஒரு யோசனை வந்துகொண்டிருக்கிறது: கோதுமையை அடியோடு நிறுத்துங்கள், நரம்பு வலி தானே தணியும். இந்த யோசனையில் உண்மை இருக்கிறது; ஆயினும் அந்த உண்மை யாருக்கு உரியது என்று அறியாமல் அதைக் கைக்கொள்ளுவதால் விளையும் தீங்கே அதிகம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

உண்மை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதிக் குளிர்காலத்தில், 1944-45ஆம் ஆண்டில், ரொட்டி அகப்படாமல் ஜனங்கள் துலிப் கிழங்கைக்கூட வேகவைத்து உண்ண நேர்ந்த நெதர்லாந்து நாட்டில், நாடே பசியால் வாடிய போதிலும், நாட்பட்ட வயிற்றுப்போக்கினால் எலும்பும் தோலுமாகக் கிடந்த சில குழந்தைகள் மட்டும் தேறி வந்தன. ரொட்டி திரும்பி வந்ததும் அவை மறுபடி நலிந்தன. கோதுமையின்மேல் யுத்தத்துக்கு முன்பிருந்தே சந்தேகம் கொண்டிருந்த வில்லெம் கரெல் டிக்கே என்னும் குழந்தை வைத்தியர், இந்த அநுபவத்தாலும் தம் பரிசோதனைகளாலும் அந்தச் சந்தேகம் ஊர்ஜிதமாகவே, சீலியாக் என்ற அந்த நோய்க்குக் கோதுமையே காரணம் என்பதை 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆராய்ச்சி நூலில் நிலைநாட்டினார். அதே யுத்த காலத்தில் அரிசித் தட்டுப்பாடு நேர்ந்த பெங்களூரிலோ, மாவள்ளி டிபன் ரூம் உணவகத்தார் சொல்வதன்படி, ரவா இட்டிலி பிறந்தது. ஒரு தேசத்தில் கோதுமை மறைந்து நோயின் காரணத்தை வெளிப்படுத்திய நாட்களிலேயே, நம் ஊரில் அது அரிசியின் ஆசனத்தில் வந்து அமர்ந்தது.

கோதுமையிலும் பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தைச் சிலருடைய உடல் சத்துருவென்று கருதிவிடுகிறது. அதை எதிர்க்க எழும் சக்தி சிறுகுடலின் மெல்லிய குடலுறிஞ்சிகளைத் தேய்த்துவிடுவதால் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பிற சத்துக்களும் உடலில் சேராமல் போகின்றன. இவ்வளவோடு அது நின்றுவிடுவதில்லை என்பதை 1966இல் குக், ஸ்மித் என்ற இரு ஆங்கில வைத்தியர்கள், சீலியாக் நோயுற்றிருந்த 16 பேரிடம் கண்ட நரம்புக் கோளாறுகளை விவரித்து எழுதியபோது மருத்துவ உலகம் தெளிவாக அறிந்தது. பிறகு ஷெஃபீல்டு நகரில் மாரியோஸ் ஹட்ஜிவாசிலியூ என்ற நரம்பியல் நிபுணர், காரணம் புலப்படாத நரம்பு நோயோடு வந்தவர்களின் இரத்தத்தைச் சோதித்து, வயிற்றில் யாதொரு உபாதையும் இல்லாதவர்களிடத்திலும் குளூட்டன் எதிர்ப்பு இருக்கக்கூடும் என்று 1996இல் எடுத்துக் காட்டினார். அவருடைய குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வகை நரம்பு நோயுற்ற 35 பேரில் குளூட்டனை விலக்கிய 25 பேரின் நரம்புகள், விலக்காத 10 பேருடையவற்றைவிட ஓராண்டு முடிவில் நல்ல நிலையில் இருந்தன. 2018இல் 60 பேரை ஆராய்ந்தபோது பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்கு நரம்பு வலி இருந்தது. வலி இல்லாதவர்களில் குளூட்டன் நீக்கிய பத்தியத்தைக் கண்டிப்பாகக் காத்தவர்கள் நூற்றுக்கு 56 பேர், வலியுற்றவர்களிலோ 21 பேர்தான்.

இந்த எண்கள் நம்பிக்கை தருபவை; ஆனால் அளவுக்கு மீறிய நம்பிக்கையைத் தாங்கக்கூடியவை அல்ல. ஆராயப்பட்டவர்கள் சிலரே. அவர்களும் இரத்தப் பரிசோதனையில் குளூட்டன் எதிர்ப்பு உள்ளவர்கள் என்று முன்கூட்டியே தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். பத்தியமும் வலியின்மையும் சேர்ந்து காணப்பட்டன என்பதால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்பது முற்றும் நிரூபணமாகிவிடாது என்பதை ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டிருக்கின்றனர். குளூட்டனின் ஒரு கூறாகிய கிளையடினுக்கு எதிர்ப்பு என்னும் இரத்த அடையாளம் ஆரோக்கியவான்கள் சிலரிடமும் தென்படுவதால், குடல் பழுதில்லாத போது நரம்பின் நோய்க்குக் குளூட்டன்மேல் பழி சுமத்தலாமா என்பதில் நரம்பியலாளர்களுக்குள் இன்றும் கருத்து பேதம் உண்டு.

நம் தேசத்தின் நிலையோ வேறு. பி. எஸ். ராமகிருஷ்ணா முதலானோர் 23,331 பேரைச் சோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, சீலியாக் எதிர்ப்பின் இரத்த அடையாளம் வட இந்தியாவில் ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 12 பேரிடமும், வடகிழக்கில் 9 பேரிடமும், தெற்கில் ஒரே ஒருவரிடமும் காணப்பட்டது. இந்த நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணுவோ வடக்கே நூற்றுக்கு 38 பேரிடமும் தெற்கே 36 பேரிடமும் இருக்கிறது. அதாவது பிறவி அமைப்பில் பெரிய பேதம் ஒன்றுமில்லை. பேதமெல்லாம் தட்டில் இருந்தது: வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை உண்ண, தெற்கே 25 கிராம்தான் உண்டனர். இதை இரண்டு விதமாகப் படிக்கலாம், இரண்டும் மெய்யே. ஸ்ரீராம்புரத்துத் தமிழருடைய கால் எரிச்சலுக்கு இன்று குளூட்டன் காரணமாக இருப்பது மிகவும் அபூர்வம். ஆயினும் காலையில் ரவை உப்புமா, மாலையில் பன்னும் பரோட்டாவும், சர்க்கரை வியாதி கண்டுவிட்டால் ஆயுள் முழுதும் இரவில் சப்பாத்தி என்று நம் ஆகாரம் மாறிவரும் இக்காலத்தில், இந்த அபூர்வம் என்றென்றும் அபூர்வமாகவே இருக்கும் என்று வைத்தியர்கள் எண்ணியிருக்கலாகாது.

அப்படியானால் பெரும்பாலோருக்குக் கால் ஏன் எரிகிறது? சர்க்கரையால். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களைப் பீடித்துள்ள அந்த வியாதி, ஆண்டுக்கணக்கில் கட்டுப்படாது கிடக்கும்போது, உடலிலேயே மிக நீண்ட நரம்புகளாகிய பாதத்து நரம்புகளைத்தான் முதலில் தீண்டுகிறது. அடுத்தது பி12 என்னும் வைட்டமின் குறைவு. மாமிசமும் முட்டையும் உண்ணாதவர்களுக்கு அது இயல்பாகவே குறையக்கூடும். சர்க்கரைக்கென்று நெடுநாள் மெட்ஃபார்மின் மாத்திரை உட்கொள்ளுகிறவர்களுக்கும் குறையும். மதுவும் நரம்பைக் கெடுக்கும். இவற்றுள் பி12 குறைவை ஊசியாலோ மாத்திரையாலோ சொற்பச் செலவில் சரிசெய்துவிடலாம். காலம் தாழ்த்தினால் அது முதுகுத்தண்டையே தாக்கி, மீட்க இயலாத நடைத் தடுமாற்றத்தில் கொண்டுபோய் விடும். கோதுமையை விட்டுப் பார்ப்போம் என்று ஓராண்டு காத்திருக்கும் ஒருவர் இழப்பது அந்த ஓராண்டைத்தான்! உணர்ச்சியற்ற பாதத்தில் முள் குத்தியது தெரியாமல் புண்ணாகி, விரலையே எடுக்க நேரும் அவலம் நம் மருத்துவமனைகள் நாள்தோறும் காண்பது.

இன்னொரு தீங்கு நுட்பமானது, பலர் அறியாதது. குளூட்டன் எதிர்ப்பைக் கண்டறியும் டி.டி.ஜி. என்ற இரத்தப் பரிசோதனையும், அதை உறுதிசெய்யும் சிறுகுடல் திசுப் பரிசோதனையும், நோயாளி வழக்கம்போல் கோதுமை உண்டுவரும் காலத்தில் செய்தால்தான் மெய்யைச் சொல்லும். நிறுத்திவிட்டால் இரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருள்கள் சில மாதங்களில் குறைந்து, குடலும் ஆறத் தொடங்கிவிடுவதால், உண்மையாகவே அந்த நோய் உள்ளவருக்கும் இல்லை என்று முடிவு வந்துவிடலாம். அதன்பின் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அவருக்கு விஷமான கோதுமையை அவர் மறுபடியும் பல வாரம் உண்ண வேண்டும். பரிசோதனைக்கு முன்னமே கோதுமையை நிறுத்துகிறவர் தம் நோயின் தடயத்தைத் தாமே அழித்துவிடுகிறார்.

பரிசோதனையில் நோய் உறுதியாகிவிட்டாலோ, பத்தியம் அரைகுறையாக இருக்கலாகாது. ஆயுள் முழுதும் அநுஷ்டிக்க வேண்டும். நரம்பு குடலைவிட மெதுவாகவே ஆறுமாதலால் ஓராண்டேனும் பொறுமை வேண்டும். கன்னட நாட்டில் வாழும் தமிழருக்கு இதில் ஒரு பாக்கியம் உண்டு. அரிசி, கேழ்வரகு, சோளம், கம்பு, தினை, சாமை, வரகு, பருப்பு வகைகள் எதிலும் குளூட்டன் இல்லை. கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் உண்கிறவர், பெரிய கடைகளில் விலை உயர்த்தி விற்கும் விசேஷ ரொட்டிகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. அபாயம் மறைந்திருக்கும் இடங்கள் வேறு. சாம்பாரிலும் ரசத்திலும் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கிறது. பார்லி கலந்த மால்ட் பானங்களை நோயாளிக்குப் பலம் தருமென்று அன்போடு ஆற்றிக் கொடுக்கிறோம். கோபி மஞ்சூரியனில் மைதாவும், அதில் ஊற்றும் சோயா சாஸில் கோதுமையும் சேரும். தெருவோர மாவு மில்லில் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் நம் கேழ்வரகும் அரைபடுகிறது. குளூட்டன் இல்லாதது என்று விற்கும் பொருளில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அத்துணைச் சிறிய அளவைக் காக்க வேண்டிய ஒரு குடும்பத்தில், சமைக்கும் பெண்மணியை அழைத்து உட்கார வைத்து இவற்றையெல்லாம் அவள் தாய்மொழியில் விளக்கிச் சொல்லாத மருத்துவம் பாதி மருத்துவமே. பெருங்காய டப்பாவின்மேல், பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சாகும் கோதுமை என்ற குறிப்பைத் தமிழிலும் கன்னடத்திலும் பெரிதாக அச்சிடுவது உற்பத்தியாளருக்குப் பெரிய செலவன்று.

அரசு மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள். காரணம் புலப்படாத நரம்பு வலியோடு வரும் ஏழைக்கு, சர்க்கரையும் பி12உம் தைராய்டும் சோதித்து ஒன்றும் அகப்படாதபோது, டி.டி.ஜி. பரிசோதனையைக் கட்டணமின்றிச் செய்யும் ஏற்பாடு வேண்டும். தென்னாட்டில் அது அரிது என்ற எண்ணத்தால் அதைக் கேட்காமல் விட்டுவிடும் வழக்கம் மாற வேண்டும். கால் எரிச்சலால் உறக்கமிழந்த ஸ்ரீராம்புரத்து வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: மல்லேசுவரத்தில் கே.சி. பொது மருத்துவமனை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சிக்கலான நரம்பு நோய்களுக்கு ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. இன்றைய ஆகாரத்தில் எதையும் மாற்றாமல், உட்கொள்ளும் மாத்திரைகளில் ஒன்றையும் நிறுத்தாமல், முதலில் அங்கே போய் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்; கோதுமையை விடுவதா வேண்டாமா என்பதை அந்தச் சீட்டு வந்தபின் வைத்தியரோடு பேசி முடிவு செய்யுங்கள்.