காளானுக்குள் பச்சடி

மேனாட்டு விருந்துகளில் 'டிப்' என்று ஒன்றை மேசை நடுவில் வைப்பார்கள். கெட்டியான பாலேட்டில் அல்லது புளித்த க்ரீமில் கேரட், குடைமிளகாய், வெங்காயம் முதலியவற்றைப் பொடியாக அரிந்து கலந்தது அது. ரொட்டித் துண்டையோ வெள்ளரித் துண்டையோ அதில் தோய்த்து உண்பார்கள். அதையே காளானின் குழியில் நிரப்பிச் சுட்டெடுத்தால் இன்னொரு பண்டமாகிவிடுகிறது. இதை நம் சமையலறைக்குள் விடலாமா, கூடாதா? மனையியல் பயிலும் எங்களுக்குள் இதைப்பற்றி வெகு நாளாக வாதம். விடலாம், ஆனால் டப்பா மயோனைஸையும் சீஸையும் வாசலிலேயே நிறுத்திவிட்டு விடலாம் என்பது எங்கள் கட்சி.

உற்று நோக்கினால் இதில் அந்நியம் ஏதுமில்லை. டிப் என்பது நம் தயிர்ப் பச்சடிக்கு ஒன்றுவிட்ட தங்கைதான். அடைத்துச் சமைப்பதோ நம் தாய்மாருக்குக் கைவந்த கலை. எண்ணெய்க் கத்தரிக்காயை நான்காகக் கீறி மசாலா திணிப்பதும், பாகற்காயை அடைத்து நூலால் கட்டுவதும் நாம் அன்றாடம் காண்பவை அல்லவா? இரண்டையும் சேர்த்து வைப்பது மட்டுமே புதிது.

ஆனால் பச்சடியை அப்படியே காளானில் ஊற்றினால் காரியம் கெடும். காளானின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். சூடு பட்டதும் அது வெளியேறும். தயிரும் சூட்டில் திரிந்து நீர் விடும். ஆறவைத்துத் தின்பதற்கென்று செய்த ஒன்றை அடுப்பில் ஏற்றப் போகிறோம் என்பதை நினைவில் கொண்டால் மற்றது தானே விளங்கும். கால் லிட்டர் கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி நான்கு மணி நேரம் தொங்கவிட வேண்டும். (சத்திரப்பட்டித் தறிகளில் பேண்டேஜ் துணி நெய்யும் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, துணிக்கு எங்கே போவது என்று ராஜபாளையத்துச் சகோதரிகள் கேட்கக் கூடாது!) துருவிய கேரட்டையும் வெள்ளரியையும் உப்புப் பிசிறிக் கால் மணி நேரம் வைத்து இறுகப் பிழிய வேண்டும். பச்சை மிளகாய், மல்லித்தழை, இரண்டு கரண்டி பொட்டுக்கடலை மாவு சேர்த்துப் பிசைந்தால் உருட்டும் பதம் வரும். காளானைத் தனியாகக் கல்லில் கவிழ்த்து வைத்து, அதன் நீர் சுண்டிய பிறகே நிரப்ப வேண்டும்.

சீஸுக்குப் பதில் என்ன என்று கேட்பவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரை மறந்துவிட்டார்கள் என்போம். அவ்வூர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலிலுள்ள நீரைக் கிளறிக் கிளறி வற்றவைப்பதுதானே அந்தக் கைத்திறனின் உயிர்! சர்க்கரை சேர்க்காத கோவாவைச் சிறிது உதிர்த்துத் தூவினால் காளான் மேல் பொன்னிறமாக முறுகும்.

ஓவன் இல்லையே என்ற பேச்சும் எழுந்தது. இதைச் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறோம். ஓவனும் டப்பாப் பொருள்களும் கேட்கும் சமையல் போட்டியில், மில்லில் ஷிப்டு பார்க்கும் தந்தையின் மகள் எப்படிச் சேருவாள்? குழிப்பணியாரச் சட்டி அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. ஒரு குழிக்கு ஒரு காளான் வைத்து, மூடியிட்டுச் சிறுதீயில் பத்து நிமிடம் விட்டால் போதும். போட்டி விதிகளில் ஓவனை நீக்கிவிட வேண்டுமென்று அருட்சகோதரியரைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

எந்தக் காளான்? மொட்டுக் காளான் குளிர் நாடியது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் விளைவது. நம் வெயிலுக்கு ஏற்றது பால்காளான். முப்பது டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்திலும் வைக்கோலில் செழித்து வளரும். 1998-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஏ.பி.கே.2 என்னும் பால்காளான் ரகம் நம் மாவட்டத்து அருப்புக்கோட்டையின் பெயரையே தாங்கி நிற்கிறது. குடை விரியாத இளங்காளானாகப் பார்த்து வாங்கிக் காம்பைத் திருகி எடுத்தால் குழி கிடைக்கும். பருத்த காம்பை எறிந்துவிடாமல் அரிந்து வதக்கிப் பூரணத்தில் சேர்க்கலாம்.

மழை பெய்ததும் மலையடிவாரத்தில் முளைப்பதைப் பறித்து வருவதை மட்டும் நாங்கள் ஒருக்காலும் ஒப்பமாட்டோம். வெள்ளிக்காசு போட்டால் கறுக்கும், பூண்டு போட்டால் நிறம் மாறும் என்பார்கள். அவற்றை நம்பி உயிரைப் பணயம் வைக்கலாகாது. சில காளான்களின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. உண்டு ஆறு மணி நேரத்துக்கும் மேல் கழிந்தே வயிற்றைக் கலக்கும். பின்னர் ஈரலைத் தாக்கும். பாட்டிமார் "நாய்க்குடை" என்று முகம் சுளித்ததில் நியாயம் இருந்தது. பண்ணையில் வளர்த்ததை மட்டுமே வாங்க வேண்டும்.

காளானைப் புலாலுக்கு ஒப்பாக ஒதுக்கும் இல்லங்களும் நம்மிடையே உண்டு. அவர்களை வற்புறுத்துவானேன்? அதே பூரணத்தைக் குடம் போன்ற தக்காளியிலோ, பாதியாக வெட்டிய சிறு குடைமிளகாயிலோ நிரப்பட்டும்.

பள்ளிச் சந்தைக்குக் கொண்டுவர எண்ணும் தோழியருக்கு ஒரு வார்த்தை. காலையில் செய்து டிபன் பாக்ஸில் மூடிவைத்தால் மதியத்துக்குள் நீர் கோத்துக் கூழாகிவிடும். பூரணத்தைத் தனியாகவும் காளானைத் தனியாகவும் எடுத்து வாருங்கள். சட்டியும் அடுப்பும் இங்கே மனையியல் கூடத்தில் இருக்கின்றன.