மூடிய கதவும் பொதுப் பணமும்

ஒரு சட்டசபையின் அதிகாரம் முழுவதும் அதன் பெரிய மண்டபத்தில் குடிகொண்டிருப்பதாகப் பொது ஜனங்கள் எண்ணுகிறார்கள். அங்கே பிரசங்கங்கள் நடக்கின்றன, நிருபர்கள் குறிப்பெடுக்கிறார்கள், கரகோஷம் எழுகிறது. ஆயினும், வரிப்பணம் எந்த வழியில் செல்ல வேண்டும் என்பது பெரும்பாலும் பக்கத்து அறையில், ஏழெட்டுப் பேர் கூடிய கமிட்டியின் மேஜைமீதே முடிவாகிவிடுகிறது. அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்துக் கவுண்டி சபைகளின் நடவடிக்கைகளைக் கவனித்து வருவோர் இதை நன்கு அறிவர். அச்சபைகளின் கமிட்டிகள் வரவு செலவையும் வழக்கு விவகாரங்களையும் கையாளும் முறையைப் பற்றி நமது அபிப்பிராயத்தை இன்று கூற விரும்புகிறோம். தொலைதூர தேசத்து விஷயமாயினும், ஜனங்களின் பணத்தை ஜனப் பிரதிநிதிகள் காவல் காப்பது எவ்வளவு கடினமான காரியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

கவுண்டி என்பது ஏறக்குறைய நம்மவர் ஜில்லா என்று வழங்குவதைப் போன்றது. நியூயார்க் ராஜ்யத்தில் 62 கவுண்டிகள் உண்டு. அவற்றுள் ஐந்து நியூயார்க் மாநகரத்திற்குள் அடங்கியவை. எஞ்சிய 57 கவுண்டிகளுக்கும் தனித்தனியே ஆட்சி மன்றங்கள் உண்டு. நகரத்திற்கு வடக்கே அடுத்துள்ள வெஸ்ட்செஸ்டர் கவுண்டியில் 17 அங்கத்தினர் கொண்ட சபை 1970-ம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. 2020-ம் வருஷத்து ஜனக்கணக்குப்படி அந்தக் கவுண்டியின் ஜனத்தொகை பத்து லட்சத்துக்குச் சற்று அதிகம். ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கு ஆண்டு. நிர்வாகத் தலைவர் தயாரித்த பட்ஜெட்டை ஆண்டின் கடைசி வாரங்களில் கமிட்டி இலாகா இலாகாவாக அலசுகிறது. செலவில் பெரும்பகுதி மேலேயுள்ள சர்க்கார்களின் சட்டங்களால் கட்டாயமாக்கப்பட்டது. ஏழைகளின் வைத்தியச் செலவில் ஒரு பங்கைக்கூட நியூயார்க் ராஜ்யத்தில் கவுண்டிகள் ஏற்க வேண்டியிருக்கிறது. சொத்து வரியை நினைத்தபடி உயர்த்தவும் இயலாது. 2011-ம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு அல்லது விலைவாசி ஏற்றம், இவற்றுள் எது குறைவோ அதுவே வரம்பு. அதை மீற வேண்டுமானால் சபையில் நூற்றுக்கு அறுபது வாக்கு தேவை. இத்தகைய இறுக்கமான கணக்கில், எதிர்பாராத ஒரு கோர்ட் தீர்ப்பு வந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆகவே வழக்கு என்பது கவுண்டி வக்கீலின் சொந்த விவகாரம் ஆகாது; அதுவும் பட்ஜெட் விஷயமே. ஆனால் இவ்விரண்டையும் கையாளும் முறைகள் வேறு வேறாக இருக்கின்றன. பட்ஜெட் வெளிச்சத்தில் விவாதிக்கப்படுகிறது. வழக்கு பெரும்பாலும் மூடிய கதவுக்குப் பின்னால் விவாதிக்கப்படுகிறது. இங்கேதான் இடர்ப்பாடு தொடங்குகிறது.

நியூயார்க் ராஜ்யத்தார் 1976-ல் இயற்றிய பகிரங்கக் கூட்டச் சட்டம் இது விஷயத்தில் மிகவும் யோசனையுடன் எழுதப்பட்டது என்றே கூறுவோம். சபையோ கமிட்டியோ நடப்பு வழக்குகளைப் பற்றியும், வரக்கூடிய வழக்குகளைப் பற்றியும் அந்தரங்கமாகப் பேசலாம் என்று அது அனுமதிக்கிறது. ஆனால் அந்தரங்கத்தில் நுழையுமுன் பகிரங்கக் கூட்டத்திலேயே ஒரு பிரேரணை கொண்டுவந்து, எந்த வகை விஷயத்திற்காகக் கதவை மூடுகிறோம் என்று கூறி, மொத்த அங்கத்தினரில் பெரும்பான்மையோரின் வாக்கைப் பெற வேண்டும். இதற்கும் மேலாக ஒரு நிபந்தனை உண்டு: பொதுப் பணத்தை ஒதுக்கும் வாக்கெடுப்பு எதையும் அந்தரங்கக் கூட்டத்தில் நடத்தலாகாது. ஆலோசனை இருட்டில் நடக்கலாம். பணப் பெட்டியை மட்டும் பகலில், ஊரார் முன்னிலையில் திறக்க வேண்டும் என்பதே சட்டத்தின் கருத்து.

இந்த அந்தரங்கமே வேண்டாம் என்று வாதிக்கும் தீவிரவாதிகளும் உளர். அவர்களுடன் நாம் உடன்படுவதற்கில்லை. வக்கீல் தொழிலின் அரிச்சுவடி தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். தன் கட்சி பலவீனமானது என்று வக்கீல் கக்ஷிக்காரனிடம் சொல்லியே ஆக வேண்டும். அதை எதிர்க்கட்சி வக்கீல் ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தால் வழக்கு அன்றே முடிந்தது. கவுண்டியின் கக்ஷிக்காரர் வரி கொடுக்கும் ஜனங்கள். ‘இருபது லட்சம் வரை கொடுத்து ராஜியாகலாம்’ என்று கமிட்டி பகிரங்கமாகப் பேசுமானால், பத்து லட்சத்துக்கு இசைந்திருக்கக் கூடியவனும் இருபதையே கேட்பான். நஷ்டம் யாருக்கு? அந்தரங்கம் தேவைதான். அதன் எல்லை எது என்பதே கேள்வி.

அந்த எல்லையைப் பரிசோதித்த வழக்கு ஒன்று வெஸ்ட்செஸ்டரில் நிகழ்ந்தது. சமஷ்டி சர்க்காரின் வீட்டு வசதி இலாகா கவுண்டிகளுக்கு மானியம் தருகிறது. மானியம் பெறுபவர், ஜாதி நிற வித்தியாசத்தால் ஜனங்களுக்கு வீடு கிடைப்பதில் ஏற்படும் தடைகளை ஆராய்ந்து, அவற்றை நீக்க முயற்சி செய்வதாக அக்காலத்தில் உறுதிமொழி எழுதித் தர வேண்டியிருந்தது. 2000-ம் ஆண்டு முதல் 2006-ம் ஆண்டு வரை வெஸ்ட்செஸ்டரும், அதனுடன் கூட்டுச் சேர்ந்த ஊர்களும் இவ்வாறு பெற்ற தொகை 5 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல். உறுதிமொழியும் தவறாமல் எழுதித் தரப்பட்டது. ஆனால் ஆராய்ச்சி செய்யப்பட்டதா?

இல்லை என்று கூறி, பாரபட்ச எதிர்ப்பு நிலையம் ஒன்று 2006-ல் வழக்குத் தொடர்ந்தது. அது கையிலெடுத்த ஆயுதம் லிங்கன் காலத்தது. உள்நாட்டு யுத்தத்தின்போது சைன்யத்திற்குப் பண்டங்கள் விற்றுச் சர்க்காரை ஏய்த்த வியாபாரிகளை அடக்குவதற்காக 1863-ல் இயற்றப்பட்ட பொய்க் கோரிக்கைச் சட்டம் அது. சர்க்கார் ஏமாற்றப்பட்டால், சர்க்காருக்காகத் தனி மனிதரும் வழக்காடலாம். வென்றால் ஒரு பங்கு அவருக்குண்டு. ஏமாற்றியவர் மும்மடங்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டியிருக்கும். கோவேறு கழுதைகளையும் போர்வைகளையும் விற்றவர்களுக்காக எழுதப்பட்ட சட்டம், ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஒரு செல்வச் செழிப்பான கவுண்டியின் கதவைத் தட்டியது! 2009 பிப்ரவரியில் மன்ஹாட்டனில் உள்ள சமஷ்டி ஜில்லா கோர்ட்டில் நியாயாதிபதி டெனிஸ் கோட் அம்மையார், கவுண்டியின் உறுதிமொழிகள் பொய்யானவை என்று முடிவு கூறினார். அறிந்தே பொய் சொன்னார்களா என்பது மட்டும் விசாரணைக்கு எஞ்சி நின்றது. தோற்றால் மும்மடங்கு, அதாவது 15 கோடி டாலருக்கு மேல், கொடுக்க நேரிடும் என்ற அபாயம் தலைக்குமேல் தொங்கியது.

அவ்வாண்டு ஆகஸ்டில் ராஜி ஏற்பட்டது. மொத்தம் 6 கோடியே 25 லட்சம் டாலர். இதில் 5 கோடியே 16 லட்சம் கவுண்டியிலேயே வீடு கட்டச் செலவாகும். வழக்குத் தொடர்ந்த நிலையத்துக்கு 75 லட்சம். வக்கீல் செலவுக்கு 25 லட்சம். மீதிச் சிறு தொகை சர்க்காருக்கு. ஏழு ஆண்டுகளுக்குள் 750 வீடுகள், பெரும்பாலும் வெள்ளையரே வாழும் ஊர்களில், நடுத்தர மக்களுக்குக் கட்டுபடியாகும் விலையில் எழும்ப வேண்டும். அவற்றுள் 630 வீடுகள், கறுப்பு இனத்தார் நூற்றுக்கு மூவருக்கும், ஸ்பானிய வழியினர் நூற்றுக்கு எழுவருக்கும் குறைவாக வசிக்கும் ஊர்களிலேயே அமைய வேண்டும் என்பது நிபந்தனை.

இப்போது சபையின் முறை வந்தது. செப்டம்பரில் அங்கத்தினர்கள் வாக்களித்தனர். ஆதரவு 12, எதிர்ப்பு 5. நியூயார்க் சட்டப்படி கவுண்டி கடன் பத்திரம் வெளியிட வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு அவசியம். பதினேழில் மூன்றில் இரண்டு பங்கு கணக்கிட்டால் 12 என்பது ஒரு வாக்கும் மிகையில்லாத எண் என்பதை வாசகர்கள் தாமே காணலாம்.

எதிர்த்து வாக்களித்த ஐவரையும் வசைபாடுவது நமது நோக்கமன்று. அவர்கள் பக்கத்திலும் கவனிக்கத்தக்க ஒரு வாதம் இருந்தது. எந்த நிலத்தில் எவ்விதக் கட்டடம் எழும்பலாம் என்று விதிக்கும் அதிகாரம் அங்கே கவுண்டியிடம் இல்லை. ஊர் மன்றங்களிடமே உள்ளது. அதிகாரம் ஒருவரிடம், அபராதம் மற்றொருவருக்கா என்று கேட்டால் அது கேட்கத்தக்க கேள்விதான். கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு வாக்குக் கேட்பது வாக்காகுமா என்பது மற்றொரு கேள்வி. இதற்கு அதே கவுண்டியில் ஒரு முன்னுதாரணமும் உண்டு. யாங்கர்ஸ் நகரம் வீடுகளையும் பள்ளிகளையும் நிறவாரியாகப் பிரித்து வைத்தது என்று 1985-ல் நியாயாதிபதி லெனார்ட் ஸாண்ட் தீர்ப்பளித்தார். வீடு கட்ட வழிசெய்யும் தீர்மானத்தை 1988-ல் நகரசபையார் நிறைவேற்ற மறுக்கவே, நகரத்துக்கு முதல் நாள் நூறு டாலர், பிறகு நாள்தோறும் இருமடங்கு என்று அபராதம் விதித்தார். சதுரங்கப் பலகையில் நெல்மணி வைத்த கதைதான். செப்டம்பரில் அபராதம் நாளொன்றுக்குப் பத்து லட்சம் டாலரை நெருங்கவே, சபை பணிந்தது. தனித்தனி அங்கத்தினர்களுக்கு விதித்த அபராதம் மட்டும் தகாது என்று 1990-ல் சுப்ரீம் கோர்ட் ஐந்துக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் கூறியது. பிரதிநிதியின் வாக்கைப் பணத்தால் வளைப்பது அபாயகரமானது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், பன்னிருவர் செய்ததே சரி என்பது நமது முடிவு. நிலத்தின்மேல் அதிகாரம் இல்லையென்றால், அந்த உறுதிமொழியை எழுதித் தந்து பணம் வாங்கியிருக்கக் கூடாது. வாங்கிய பிறகு ‘எங்களால் இயலாது’ என்பது பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கையெழுத்தை மறுப்பதற்கு ஒப்பாகும். கொடுக்கும் ஆறு கோடியில் ஐந்து கோடிக்கு மேல் கவுண்டி ஜனங்களுக்கே வீடாகத் திரும்புமென்றால், பதினைந்து கோடி அபாயத்தை எதிர்த்துச் சூதாடுவது எந்த வரி கொடுப்போனுக்கு நன்மை?

நமது குறை வேறு இடத்தில் இருக்கிறது. வழக்குத் தொடரப்பட்டதற்கும் சபை வாக்களித்ததற்கும் இடையே 2007, 2008, 2009 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கான பட்ஜெட்கள் நிறைவேறின. அதற்கு முன்பும் ஆண்டுதோறும் மானியம் வந்தது, செலவாயிற்று. பட்ஜெட் கமிட்டியார் ஒரு பாலம் பழுது பார்க்கும் கணக்கில் ஐயாயிரம் டாலருக்கு இலாகா தலைவரை அரைமணி நேரம் குறுக்கு விசாரணை செய்வதை எந்தக் கவுண்டியிலும் காணலாம். அதே கமிட்டியார் கோடிக்கணக்கான மானியம் வரவு வைக்கப்படும்போது, ‘இதற்காக நம் பெயரில் என்ன எழுதிக் கொடுத்தீர்கள், அதைச் செய்தீர்களா?’ என்று கேட்பதில்லை. செலவைச் சந்தேகிப்பவர்கள் வரவைச் சந்தேகிப்பதில்லை. வெஸ்ட்செஸ்டரில் கெடுதல் புகுந்தது வரவுப் பக்கத்தின் வழியாகவே.

ராஜியுடன் தொல்லை தீர்ந்ததா எனில் அதுவும் இல்லை. வாடகைக்கு வருவோர் சர்க்கார் உதவிப் பணத்தில் வாழ்கிறார் என்பதற்காக வீடு மறுக்கலாகாது என்னும் சட்டத்தை நிர்வாகத் தலைவர் ஆதரித்து முன்னேற்ற வேண்டுமென்பது ராஜியின் நிபந்தனைகளுள் ஒன்று. 2010 ஜனவரியில் பதவியேற்ற புதிய தலைவர் ராப் அஸ்டோரினோ, சபை நிறைவேற்றிய அச்சட்டத்தை அதே ஆண்டு ரத்து செய்தார். அது ராஜிக்கு விரோதமென்று 2013-ல் அப்பீல் கோர்ட் கூறியது. இடையில் சமஷ்டி இலாகா மானியத்தை நிறுத்தி வைத்தது. அதில் ஒரு பகுதி கவுண்டிக்கு நிரந்தரமாகக் கைவிட்டுப் போயிற்று. சபை கையெழுத்திட்டதை நிர்வாகம் மீறுகிறது. மீறியதற்கான நஷ்டம் மீண்டும் பட்ஜெட் கமிட்டியின் மேஜைக்கே வருகிறது. கவுண்டி வக்கீல் இவ்விருவருக்கும் ஒரே சமயத்தில் ஆலோசகராக இருக்கும்போது, இருவரும் முரண்பட்டால் அவர் யாருக்கு வக்கீல்? தன் அலுவலகத்தில் தனியாக ஒரு வக்கீலை அமர்த்திக்கொள்ளும் சபைகள் ஆடம்பரம் செய்வதாக நாம் நினைக்கவில்லை. அந்தச் சம்பளம் இத்தகைய நஷ்டத்தில் ஒரு வாரத்து வட்டிக்கும் ஈடாகாது.

நாம் சொல்வது பெரிய சீர்திருத்தம் எதுவுமன்று. நிலுவையிலுள்ள வழக்குகளின் ஜாபிதா ஒன்றைப் பட்ஜெட்டோடு சேர்த்து ஆண்டுதோறும் கமிட்டிக்கு வைக்க வேண்டும். எந்த வழக்கு, எவர் தொடர்ந்தது, எந்தக் கோர்ட்டில் எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றையும் பகிரங்கமாக வெளியிடலாம். அவை கோர்ட் தஸ்தாவேஜுகளில் பெரும்பாலும் முன்பே வெளியானவைதாம். தோற்றால் எவ்வளவு என்ற வக்கீலின் மதிப்பீட்டை மட்டும் அந்தரங்கத்தில் கூறட்டும். மானியத்திற்காக எழுதித் தரும் உறுதிமொழி ஒவ்வொன்றின் நகலும் கையெழுத்தாகுமுன் கமிட்டிக்கு வர வேண்டும். ராஜி முடிந்த பின்னர், அதன் காரணங்களை எழுத்தில் வெளியிட வேண்டும். சண்டை முடிந்த பிறகு யுத்தத் தந்திரத்தை மறைப்பதில் யாருக்கும் லாபமில்லை. இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. சபையின் நடைமுறை விதிகளில் நாலைந்து வரிகள் சேர்த்தால் போதும். ஒரு சாதாரணத் திங்கட்கிழமைக் கூட்டத்தில், சாதாரணப் பெரும்பான்மையால் அது ஆகக்கூடிய காரியம்.