வேகன் ஆருக்கு வியாதி இல்லை, வைத்தியம்தான் பிழை



கொஞ்சம் நீளமான பதிவு. வேகன் ஆர் வைத்திருப்பவர்களும், வாங்க யோசிப்பவர்களும், அதைப் பழுது பார்க்கும் நமது கராஜ் சகோதரர்களும் பொறுமையாகக் கடைசிவரை வாசியுங்கள். மற்றவர்கள் உங்கள் மச்சானுக்கு அனுப்பிவிடுங்கள். அவரிடம் கட்டாயம் ஒன்று நிற்கும்.

ஊரில் இப்போது எங்கே நாலு பேர் கூடினாலும் ஒரு பேச்சு. "வேகன் ஆர் என்ஜின் தாங்காது சேர். 660 சீசீ பொம்மைக் கார். ஒரு லட்சம் ஓடினா முடிஞ்சுது." இதைச் சொல்பவர்களில் பாதிப்பேர் அந்தக் காரின் பொனற்றைத் தாங்களாகத் திறந்தே பார்க்காதவர்கள். மீதிப்பேர் திறந்து, குழாய்த் தண்ணீரை ஊற்றி மூடியவர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த என்ஜின் நல்ல என்ஜின். நாம் பார்க்கிற வைத்தியம்தான் அதைக் கொல்கிறது.

நமது ஊரில் ஓடும் வேகன் ஆர்களில் அதிகமானவை ஜப்பானிலிருந்து வந்த ஹைபிரிட். உள்ளே இருப்பது ஆர்06ஏ என்ற என்ஜின். 658 சீசீ, மூன்று சிலிண்டர், அலுமினிய புளொக். டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். வரியும் எண்ணெய்ச் செலவும் குறைவு என்று 2017, 2018 காலத்தில் கண்டபடி இறங்கியது. பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஐந்து வருடம். அந்த ஐந்து வருடத்தில் கார் பழசானது, விலை மட்டும் ஏறியது. 2022இல் பெற்றோல் வரிசையிலும் கியூஆர் கோட்டோடும் நின்ற காலத்தில் ஒயில் மாற்றவும் கூலன்ட் வாங்கவும் யாருக்குக் கையில் காசு இருந்தது? தள்ளிப்போட்டோம். அந்தத் தள்ளிப்போட்ட பில்தான் இப்போது ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்துகொண்டிருக்கிறது. காருக்கு மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்?

எல்லாவற்றிலும் பெரிய பிரச்சினை சூடு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

"கூலன்ட் எதுக்கு சேர், அது ஐஸ் உறையுற நாட்டுக்கு" என்று என்னிடம் சொன்ன கராஜ்காரர்களை எண்ணினால் இரண்டு கை விரல் போதாது. உறையாமல் இருப்பது கூலன்டின் ஒரு வேலை மட்டும்தான். தரம் ஒன்பது, பத்துப் பிள்ளைகளுக்கு நாம் கரும்பலகையில் எழுதிக் கொடுக்கிற விஷயம் இது: அமுக்கம் கூடினால் கொதிநிலை கூடும், கரைசலானால் இன்னும் கூடும். ரேடியேட்டர் மூடி அமுக்கத்தைப் பிடித்து வைக்கிறது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் அந்த அமுக்கத்தில் 120 பாகையைத் தாண்டித்தான் கொதிக்கும். வெறும் தண்ணீரை ஊற்றி, ரப்பர் போன பழைய மூடியையும் போட்டால் 100 பாகையிலேயே ஆவியாகத் தொடங்கும். ஆவி இருக்கும் இடத்தில் குளிர்ச்சி இல்லை.

அதைவிட முக்கியமானது அரிப்பு. கூலன்டில் அரிப்பைத் தடுக்கும் மருந்து இருக்கிறது. நமது கரையோர மணல் கிணற்றுத் தண்ணீரில் என்ன இருக்கிறது? கேத்தலின் அடியைப் பாருங்கள், தெரியும். அந்த வெள்ளைப் படிவு தேநீருக்குத்தான் பிரச்சினை என்று நினைக்கிறோம். அதே படிவு ரேடியேட்டரின் நூல் போன்ற குழாய்களுக்குள் கட்டுகிறது. உப்பு அலுமினியத்தைத் தின்கிறது. தண்ணீர் பம்பின் சீலும் போகிறது. இரண்டு வருடம் ஒன்றும் தெரியாது. மூன்றாவது வருடம் மேட்டில் ஏறும்போது தெரியும்.

இன்னொன்று. இந்தக் காரில் சூட்டைக் காட்டும் முள் இல்லை. குளிராக இருக்கும்போது நீல விளக்கு, அளவு மீறிச் சூடானால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். இடையில் என்ன நடக்கிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியாது. கூலன்ட் முழுதாக வடிந்து சென்சர் காற்றில் நின்றால் அந்தச் சிவப்பைக்கூட நம்ப முடியாது. ஆகவே சிவப்பு வந்தால் "இன்னும் ரெண்டு கிலோமீற்றர்தானே, வீட்ட போயிருவம்" என்பது கூடாது. ஏசியை நிறுத்துங்கள், ஹீற்றரை முழுதாகத் திறந்து விடுங்கள், பாதுகாப்பான இடம் கண்டதும் ஓரம் கட்டி என்ஜினை நிறுத்துங்கள். மூடியைத் தொடாதீர்கள், குளிர்ந்த தண்ணீரை மேலே ஊற்றாதீர்கள். ஒரு மணித்தியாலம் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். அலுமினிய ஹெட் வளைவதற்குச் சில நிமிடச் சூடே போதும்.

அடுத்தது தேர்மோஸ்டற் வால்வு. "எங்கட நாட்டு வெயிலுக்கு இது தேவையில்ல" என்று கழற்றி வீசுவது நமது பக்கத்தில் ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. இதில் நான் கடுமையாகவே பேசுவேன். என்ஜின் ஒரு குறிப்பிட்ட சூட்டில் ஓடுவதற்கென்று செய்யப்பட்டது. வால்வைக் கழற்றினால் தட்டை ரோட்டில் அது அந்தச் சூட்டுக்கு வருவதே கஷ்டம். என்ஜின் இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்து பெற்றோலைக் கூட்டி விடுகிறது. எரியாத பெற்றோல் ஒயிலோடு சேர்கிறது. ஐட்லிங் ஸ்டொப் வேலை செய்யாது. பிறகு "ஹைபிரிட் எண்டு வாங்கினன், லீற்றருக்குப் பன்னிரண்டுதான் ஓடுது" என்று முறைப்பாடு. சூடு கூடுகிறது என்றால் ஏன் கூடுகிறது என்று தேட வேண்டும். ஃபேன் சுற்றுகிறதா, ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா, கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்ததும் இதுதான்: பிள்ளையின் கணக்கு பிழைத்தால் விடையைத் திருத்தாதே, எந்தப் படியில் பிழைத்தது என்று தேடு. சிவப்புப் பேனையால் கோடு போடுவது யாருக்கும் முடியும்.

என்னோடு படிப்பிக்கும் ஓர் ஆசிரியை. லீசிங் போட்டு ஒரு வேகன் ஆர் வாங்கினார். தூர இடத்துப் பாடசாலை, இரண்டு சின்னப் பிள்ளைகள், பஸ் நேரத்துக்கு இல்லை. ஆடம்பரத்துக்கு வாங்கிய கார் இல்லை அது. ஆகஸ்ட் விடுமுறைக்குக் குடும்பத்தோடு மஹியங்கனை வழியாகக் கண்டிக்குப் போனார்கள். அந்தப் பதினெட்டு வளைவு மலையில் பாதி ஏறும்போது பொனற்றால் ஆவி. கழற்றிப் பார்த்தபோது ஹெட் கஸ்கட் போயிருந்தது. ரேடியேட்டருக்குள் செங்கல் நிறத்தில் தண்ணீர். தேர்மோஸ்டற் இல்லை. கசிவை அடைக்கப் போடும் ஏதோ தூள் சேறு மாதிரிப் படிந்திருந்தது. அதாவது விற்றவருக்கு எல்லாம் தெரியும். கூலிப் பணம், லேத் பட்டறையில் ஹெட்டை மட்டம் பார்த்தது, சாமான்கள் எல்லாம் சேர்த்து அவருடைய இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேலே போனது. லீசிங் தவணை அதற்காக நிற்குமா? மறுபடி விடியச் சாமத்தில் எழும்பி பஸ்ஸுக்கு நின்றார்.

இப்படி நடந்த பிறகு ஊர் என்ன சொன்னது? "வேகன் ஆர் எண்டா அப்படித்தான்."

ஒயில் விஷயமும் இதே மாதிரித்தான். இந்த என்ஜினுக்கு மொத்தமாகப் போவதே மூன்று லீற்றருக்கும் குறைவான ஒயில். ஆகவே அரை லீற்றர் குறைந்தாலே அது பெரிய குறைவு. மாதத்துக்கு இரண்டு தடவையாவது காலையில் குச்சியை இழுத்துப் பாருங்கள். கம்பனி சொல்வது 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஒயில். நமது ஆட்களுக்கு மெல்லிய ஒயிலைக் கண்டாலே பயம், "தண்ணி மாதிரி இருக்கு" என்று 20டபிள்யூ-50 ஊற்றுவார்கள். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும், வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பும் ஒயில் அமுக்கத்தில்தான் வேலை செய்கின்றன. தடித்த ஒயில் காலையில் மேலே ஏறிவர நேரமெடுக்கும். அந்த நேரத்தில் கேட்கும் கரகர சத்தம்தான் "செயின் சத்தம்". நீண்ட காலம் ஒயில் மாற்றாமல் ஓடியதாலும் அது வரும். வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் என்று குறுந்தூரம் ஓடும் காருக்கு என் கணக்கு 5000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. மீற்றர் ஓடவில்லையே என்று காலத்தை மறக்க வேண்டாம்.

என்ஜின் கோளாறு என்று கொண்டுபோகிற பல விஷயம் என்ஜினே இல்லை. மூன்று சிலிண்டர் என்ஜின் இயல்பிலேயே கொஞ்சம் நடுங்கும். மவுண்ட் ரப்பர் இற்றுப்போனால் அந்த நடுக்கம் சீற்றுக்கு வரும், ரப்பரை மாற்றினால் போதும். சிக்னலில் நின்று மறுபடி கிளம்பும்போது கீச்சென்று கத்தினால் ஐஎஸ்ஜி பெல்ட்டைப் பாருங்கள், இந்தக் காரை மறுபடி ஸ்டார்ட் பண்ணுவது அந்தப் பெல்ட்தான். எடுக்கும்போது வெட்டி வெட்டிப் போனால் அது சீவீரீ கியராகவும் இருக்கலாம். அதற்கென்று தனி ஒயில் உண்டு, சாதாரண ஒட்டோ கியர் ஒயிலை ஊற்றினால் கதை முடிந்தது. ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடித்தால் கொயிலாகவோ பிளக்காகவோ இருக்கும். ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு கொயில், ஆளுக்காள் மாற்றிப் போட்டுப் பார்த்தாலே எது போனது என்று பிடித்துவிடலாம். நிறுத்தி வைக்கும்போது ஆர்பிஎம் ஏறி இறங்கினால் த்ரொட்டிலில் கரி. இதற்கெல்லாம் "என்ஜின் பாஸ் பண்ணணும்" என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு ஸலாம் சொல்லிவிட்டு வாருங்கள்.

செக் என்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேன் பண்ணச் சொல்லி, வந்த கோட் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். அது உங்கள் உரிமை. டொக்டர் இரத்தப் பரிசோதனை றிப்போட்டைத் தராமல் மருந்து மட்டும் தந்தால் சும்மா இருப்போமா?

95 பெற்றோல் அடித்தால் என்ஜினுக்கு நல்லது என்ற நம்பிக்கையையும் விட்டுவிடலாம். ஜப்பானில் இந்தக் கார் ஓடுவது அவர்களது சாதாரண பெற்றோலில். அதன் ஒக்ரேன் குறைந்தபட்சம் 89 என்பதுதான் அவர்களது தரக் கணக்கு. நமது 92 தாராளம். மிஞ்சும் காசுக்குக் கூலன்ட் வாங்குங்கள்.

காலையில் சாவி போட்டதும் ஜப்பான் மொழியில் ஒரு பெண்பிள்ளை ஏதோ சொல்கிறாள், நாமும் எட்டு வருடமாகத் தலையாட்டிக்கொண்டிருக்கிறோம். டாஷ்போட் பெட்டிக்குள் கிடக்கும் ஜப்பான் மொழிக் கையேட்டுக்கும் அதே மரியாதைதான். கையில் இருக்கும் போனின் கமெராவைப் பிடித்தால் அது ஓரளவுக்கு மொழிபெயர்த்துத் தரும். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் போதும்.

இனி, விற்பவர்களுக்கு. இதைச் சொல்லாமல் போனால் பதிவு அரைகுறை. சூடு ஏறும் காரை மலைக்குப் போகாத ஆளுக்குத் தள்ளிவிடுவது, மீற்றரைக் குறைப்பது, கசிவைத் தூள் போட்டு ஒரு வாரத்துக்கு அடைப்பது இதெல்லாம் இப்போது "வியாபாரத் திறமை". மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபிகளார் (ஸல்) அவர்கள், நனைந்ததை ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்ட சம்பவத்தை ஜும்ஆவில் நாம் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து பள்ளிவாசல் வளவிலேயே காரைப் பேசி விற்கிறோம். "பார்த்து வாங்குறது அவர்ட வேல" என்ற பேச்சை மார்க்கத்தின் பெயரால் நியாயப்படுத்த முடியாது. குறையைச் சொல்லி, அதற்கேற்ப விலையைக் குறைத்து விற்றால் வாங்குபவர் மலை ஏறுவதற்கு முன் ரேடியேட்டரையாவது மாற்றிக்கொள்வார்.

வாங்குபவர்களும் காரைக் கழுவிய பளபளப்பைப் பார்க்காமல், காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். ஏற்கனவே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். ஜப்பான் ஏல அறிக்கை இருந்தால் கேளுங்கள், அதில் அன்றைய கிலோமீற்றர் இருக்கும். ஒயில் மூடியின் கீழே பால் தேநீர் நிறத்தில் கூழ் நிறைய இருந்தாலும், ரேடியேட்டரில் குமிழி வந்தாலும், பின்னால் இனிப்பு வாசத்தோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலும் விலை பேசவே வேண்டாம்.

கராஜ் தம்பிமாரே, உங்கள் மேல் கோபமில்லை. உங்களில் சிலர் நான் படிப்பித்த பிள்ளைகள். சாதாரண தரம் முடிந்ததும் "இவனுக்குப் படிப்பு ஏறாது, கராஜில விடுங்க" என்று அனுப்பப்பட்டவர்கள். அப்படி அனுப்பிய நாம்தான் முதல் குற்றவாளிகள். என்ஜினில் கம்ப்யூட்டர் வந்து எவ்வளவோ காலமாகிறது. நாம் இன்னும் பதினாறு வயதுப் பொடியனின் கையில் சாவிக்கட்டையைக் கொடுத்து, பார்த்துப் பழகு என்கிறோம். வாகனத் தொழில்நுட்பத்துக்கு என்விகியூ சான்றிதழ் வரை அரசாங்கப் பயிற்சிகள் இருக்கின்றன. எங்கள் பாடசாலையில் சாதாரண தரம் எழுதிவிட்டு நிற்கும் பிள்ளைகளின் பெற்றோர் விரும்பினால், விண்ணப்பம் நிரப்ப நான் உதவுவேன். மாலை ஐந்து மணிக்குப் பிறகு வீட்டுக்கு வாருங்கள்.

அடுத்த தவணை விடுமுறை வருகிறது. நுவரெலியா, கண்டி என்று எல்லோரும் கிளம்புவீர்கள். நாளைக் காலை ஸுபஹ் தொழுதுவிட்டு வந்து, என்ஜின் குளிராக இருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையா, சிவப்பா, நீலமா, இல்லை செங்கல் தண்ணீரா என்று எனக்கு எழுதுங்கள்.